அமெரிக்க நகரப் பள்ளிகளுக்குப் பணம் எப்படிப் பங்கிடப்படுகிறது? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்கப் பெருநகரம் ஒன்றில் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோருக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. ஒவ்வோர் ஆண்டும் வசந்த காலத்தில் பள்ளி வாரியத்தின் நிதிக் கூட்டங்கள் நடக்கின்றன. எந்தப் பள்ளியில் நூலகர் இருப்பார், எந்தப் பள்ளியில் ஒரே வகுப்பில் முப்பத்தைந்து பிள்ளைகள் உட்காருவார்கள் என்பதெல்லாம் அந்தச் சில வாரங்களில் முடிவாகிவிடுகின்றன. கூட்டத்துக்கு வரும் பெற்றோரில் பலருக்குக் கையில் கொடுக்கப்படும் தாள் விளங்குவதில்லை. விளங்காததற்குக் காரணம் அவர்களுடைய படிப்புக் குறைவு அன்று. பணம் நகரும் வழி அவ்வளவு சிக்கலானது. அந்த வழியைக் கூடியவரை தெளிவாகச் சொல்வதே இங்கு நோக்கம்.

பள்ளிக்கான பணம் எங்கிருந்து வருகிறது?

மூன்று இடங்களிலிருந்து வருகிறது. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், மாநில அரசும் உள்ளூர் வரியும் ஏறத்தாழச் சரிபாதியாகப் பெரும்பங்கைத் தருகின்றன. கூட்டாட்சி அரசின் பங்கு வழக்கமான ஆண்டுகளில் பத்து விழுக்காட்டை எட்டுவதே அரிது. உள்ளூர்ப் பணத்தின் பெரும்பகுதி சொத்து வரி. இதை வசூலிப்பதும் செலவிடுவதும் பெரும்பாலும் பள்ளி மாவட்டம் என்ற தனி நிர்வாக அமைப்பின் பொறுப்பு. பல இடங்களில் அதற்கு மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியமும், அந்த வாரியம் நியமிக்கும் கண்காணிப்பாளரும் உண்டு. எல்லா வாரியங்களுக்கும் வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. எடுத்துக்காட்டாக, பிலடெல்பியாவின் பள்ளி வாரியம் தானாக வரி விதிக்க முடியாது. நகர மன்றத்தையும் மாநிலத்தையும் எதிர்பார்த்தே நிற்க வேண்டும். வரி உயர்வைப் பற்றி வாரியத்திடம் முறையிடுவதற்கு முன்னால், உங்கள் ஊரில் அந்த அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரே மாநிலத்துக்குள் ஒரு மாவட்டத்துக்கும் அடுத்த மாவட்டத்துக்கும் ஏன் இவ்வளவு வேறுபாடு?

சொத்து வரியை நம்பியிருப்பதால்தான். வீடுகளின் மதிப்பு உயர்ந்த இடத்தில் குறைந்த வரி விகிதமே நிறையப் பணம் தரும். மதிப்புக் குறைந்த இடத்தில் மக்கள் தங்கள் சக்திக்கு மீறி வரி கட்டினாலும் கைக்கு வருவது சொற்பம்.

இதற்கு டெக்சாஸின் சான் அன்டோனியோவைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம். அந்த நகரப் பகுதியில் எட்ஜ்வுட், அலமோ ஹைட்ஸ் என்று இரண்டு பள்ளி மாவட்டங்கள். 1967–68 கல்வியாண்டில் எட்ஜ்வுட் மக்கள் நூறு டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். அலமோ ஹைட்ஸ் மக்கள் கட்டியது 85 சென்ட். அதிக விகிதத்தில் கட்டிய எட்ஜ்வுட்டுக்கு உள்ளூர் வரியிலிருந்து ஒரு மாணவருக்குக் கிடைத்தது 26 டாலர். அலமோ ஹைட்ஸுக்கு 333 டாலர். மாநிலப் பணத்தையும் கூட்டாட்சிப் பணத்தையும் சேர்த்த பிறகும் எட்ஜ்வுட் மாணவருக்கு 356 டாலர், அலமோ ஹைட்ஸ் மாணவருக்கு 594 டாலர் என்றே நின்றது. மெக்சிகோ வம்சாவளியினர் மிகுந்த எட்ஜ்வுட்டின் பெற்றோர் வழக்குத் தொடர்ந்தார்கள். டெமெட்ரியோ ரோட்ரிகெஸ் என்ற தந்தையின் பெயரில் அறியப்படும் அந்த வழக்கில் 1973-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் பெற்றோருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கல்வி என்பது கூட்டாட்சி அரசியலமைப்பு உறுதியளிக்கும் அடிப்படை உரிமை அன்று என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினார்கள். பிள்ளையின் கல்வி அதன் அக்கம்பக்கத்து வீடுகளின் விலையைப் பொறுத்து அமையலாம் என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது, இன்றுவரை மாறாத ஒரு பெரும் அநீதி என்பதே இதை எழுதுபவரின் கருத்து.

அப்படியானால் நீதிமன்றங்களால் பயனே இல்லையா?

இருக்கிறது, மாநில நீதிமன்றங்களில். ஒவ்வொரு மாநிலத்தின் அரசியலமைப்பும் பொதுக் கல்வியைப் பற்றித் தனியே ஏதேனும் உறுதி கூறுகிறது. கலிபோர்னியாவில் 1971-லேயே, சட்டத்தின் சமப் பாதுகாப்பு என்ற உறுதியைப் பிடித்துக்கொண்டு பெற்றோர் வென்றார்கள்; 1976-ல் மாநில அரசியலமைப்பின் அடிப்படையில் அந்த வெற்றி நிலைத்தது. அதே டெக்சாஸில் 1989-ல், எட்ஜ்வுட் மாவட்டமே தொடர்ந்த மற்றொரு வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் அந்த நிதி முறை செல்லாது என்றது. நியூஜெர்சியின் ஆபட் வழக்குகள் ஏழை நகர மாவட்டங்களுக்குப் பணக்காரப் புறநகர்களுக்கு இணையான நிதியையும், மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்கு முன்பள்ளியையும் பெற்றுத் தந்தன. பென்சில்வேனியாவில் 2023 பிப்ரவரியில் மாநில நீதிமன்றம் அங்குள்ள நிதி முறை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. ஆனால் தீர்ப்புக்கும் வகுப்பறைக்கும் இடையே சட்டமன்றம் இருக்கிறது. நியூயார்க்கில் 1993-ல் தொடங்கிய வழக்கின் பயனாக 2007-ல் உருவான உதவித் திட்டம், சூத்திரம் சொன்ன முழுத் தொகையை எட்டியது 2023–24-ல்தான். வழக்குத் தொடரப்பட்டபோது முதல் வகுப்பில் இருந்த குழந்தைக்கு அப்போது முப்பத்தைந்து வயது கடந்திருக்கும்.

மாவட்டங்களுக்கு இடையிலான வேறுபாடு புரிகிறது. எங்கள் மாவட்டத்துக்குள் எல்லாப் பள்ளிகளுக்கும் சமமாகத்தானே கொடுக்கிறார்கள்?

பார்வைக்குச் சமமாகத்தான் இருக்கும். பெரும்பாலான மாவட்டங்கள் பள்ளிகளுக்குப் பணத்தைக் கொடுப்பதில்லை, பணியிடங்களைக் கொடுக்கின்றன. இத்தனை மாணவருக்கு ஓர் ஆசிரியர், இத்தனை பேருக்கு ஓர் ஆலோசகர், ஒரு பள்ளிக்கு ஒரு முதல்வர் என்று ஒரு விகிதம் வைத்திருப்பார்கள். ஐந்நூறு மாணவர் உள்ள இரண்டு பள்ளிகளுக்குத் தலா இருபத்தைந்து ஆசிரியப் பணியிடங்கள் கிடைத்தால், தாளில் இரண்டும் சமம்.

அந்த இருபத்தைந்து பேர் யார் என்பதைத் தாள் சொல்லாது. ஒரு விளக்கக் கணக்கைப் பார்ப்போம். எண்கள் புரிதலுக்காக எடுத்துக்கொண்டவை. வசதியான பகுதியில் உள்ள முதல் பள்ளியில் ஆசிரியர்கள் பலரும் பதினைந்து, இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர்கள். சராசரிச் சம்பளம் 95,000 டாலர். வறுமை மிகுந்த பகுதியில் உள்ள இரண்டாம் பள்ளியில் பெரும்பாலோர் புதிதாகச் சேர்ந்தவர்கள். சராசரி 62,000 டாலர். முதல் பள்ளியின் ஆசிரியர் சம்பளத்துக்கு மாவட்டம் செலவிடுவது 23,75,000 டாலர். இரண்டாம் பள்ளிக்கு 15,50,000 டாலர். வேறுபாடு 8,25,000 டாலர், அதாவது மாணவர் ஒருவருக்கு 1,650 டாலர். இந்தத் தொகையை யாரும் தீர்மானம் போட்டு ஒதுக்கவில்லை; எந்தக் கூட்டத்திலும் இது விவாதத்துக்கு வரவில்லை. பள்ளிகளின் நிதித் தாளில் எல்லா ஆசிரியருக்கும் மாவட்டத்தின் சராசரிச் சம்பளமே எழுதப்படுவதால், இப்படி ஒரு வேறுபாடு இருப்பதே வெளியே தெரியாது. நகர மாவட்டங்களின் நிதியில் நேர்மை குலையும் முதல் இடம் இதுதான். எத்தனை சிறப்புத் திட்டங்களை அறிவித்தாலும், இந்தச் சராசரிக் கணக்கில் கைவைக்காதவரை அவை கொடுப்பதைவிட இது எடுத்துக்கொள்வது அதிகமாக இருக்கலாம்.

புதிய ஆசிரியர்கள் எல்லாரும் ஒரே பள்ளியில் சேருவது ஏன்? அவர்கள் திறமை குறைந்தவர்களா?

திறமையைப் பற்றிய பேச்சே இல்லை. புதிதாக வந்தவர்களில் அருமையான ஆசிரியர்கள் உண்டு. சிக்கல், அவர்கள் நிலைப்பதில்லை என்பது. பணிமூப்பு உள்ளவருக்கு இடமாற்றத்தில் முன்னுரிமை தரும் ஒப்பந்தங்கள் பல ஊர்களில் இருந்துவந்துள்ளன. வேலைச்சுமை மிகுந்த பள்ளியில் காலியாகும் இடம் மீண்டும் மீண்டும் புதியவருக்கே போகிறது. அதோடு, நிதி நெருக்கடி வரும்போது கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் வெளியேற்றப்படுகிறார்.

2009-ல் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டம் ஆட்குறைப்புச் செய்தபோது நடந்தது இதற்கு மறக்க முடியாத எடுத்துக்காட்டு. மாவட்டம் முழுவதற்கும் பொதுவான பணிமூப்பு விதிதான் பயன்படுத்தப்பட்டது. ஆனால் கோம்பர்ஸ், மார்க்கம், லீக்டி ஆகிய மூன்று நடுநிலைப் பள்ளிகளில் ஆசிரியர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரோ அதற்கும் மேற்பட்டோரோ பணிநீக்கக் கடிதம் பெற்றார்கள். அடுத்த ஆண்டு அந்த வகுப்புகளில் பல, மாறி மாறி வந்த தற்காலிக ஆசிரியர்களின் கையில் ஓடின. மாணவர் தரப்பில் 2010-ல் வழக்குத் தொடர வேண்டியதாயிற்று. எல்லாருக்கும் ஒரே விதி என்பது எல்லாருக்கும் ஒரே விளைவைத் தராது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

மாணவர் எடை அடிப்படையிலான ஒதுக்கீடு என்று சொல்கிறார்களே, அது என்ன?

பணியிடத்துக்குப் பதிலாகப் பணத்தையே மாணவரோடு அனுப்பும் முறை அது. ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அடிப்படைத் தொகை. வறுமை, ஆங்கிலம் கற்கும் நிலை, சிறப்புக் கல்வித் தேவை போன்றவற்றுக்கு அதன்மேல் ஒரு கூடுதல் விகிதம். இதைத்தான் எடை என்கிறார்கள். அடிப்படை 7,000 டாலர், வறுமைக்கு கால் பங்கு, ஆங்கிலம் கற்பவருக்கு ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். நானூறு மாணவரில் முந்நூறு பேர் வறுமையிலும் நூறு பேர் ஆங்கிலம் கற்கும் நிலையிலும் இருக்கும் பள்ளிக்கு 34,65,000 டாலர் கிடைக்கும். அதே நானூறு பேரில் நாற்பது பேர் மட்டும் வறுமையிலும் பத்துப் பேர் ஆங்கிலம் கற்கும் நிலையிலும் இருந்தால் 28,84,000 டாலர்.

கனடாவின் எட்மன்டன் மாவட்டம் 1970-களில் பள்ளிகளின் கையில் நிதியைக் கொடுக்கத் தொடங்கியது. பின்னர் சியாட்டில், ஹூஸ்டன், சான் பிரான்சிஸ்கோ, டென்வர், பாஸ்டன் போன்ற நகரங்கள் பல்வேறு வடிவங்களில் இதைப் பின்பற்றின. நியூயார்க் நகரம் 2007-ல் தொடங்கி, 2023-ல் தற்காலிக இருப்பிடங்களில் வாழும் மாணவருக்கும் தனி எடையைச் சேர்த்தது. மாநில அளவில் கலிபோர்னியா 2013-ல் இதே கொள்கையை ஏற்றது: குறைந்த வருமானம், ஆங்கிலம் கற்கும் நிலை, வளர்ப்புப் பராமரிப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் வரும் மாணவருக்கு அடிப்படைத் தொகையில் 20 விழுக்காடு கூடுதல், அத்தகைய மாணவர் 55 விழுக்காட்டைத் தாண்டும் மாவட்டத்துக்கு, தாண்டிய பங்குக்கு மேலும் ஒரு தொகை. ஒரு பிள்ளை இரண்டு வகைகளில் வந்தாலும் ஒரு முறைதான் எண்ணப்படும். மாவட்டத்துக்கு வரும் இந்தக் கூடுதல் பணம் யாருக்காக வந்ததோ அந்தப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குத்தான் போகிறதா என்பது தனிக் கேள்வி. அதை மாவட்டத்திடம்தான் கேட்க வேண்டும்.

இந்த முறை வந்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா?

தீராது, இரண்டு காரணங்களால்.

முதலாவது, மேலே சொன்ன சராசரிச் சம்பளம். எடைக் கணக்குப்படி பணம் கொடுத்துவிட்டு, ஆசிரியருக்கான செலவை மட்டும் சராசரியில் பிடித்தால், பழைய வேறுபாடு அப்படியே உள்ளே ஒளிந்திருக்கும். கலிபோர்னியாவின் ஓக்லண்ட் மாவட்டம் 2000-களின் நடுவில் உண்மையான சம்பளத்தையே பள்ளிக் கணக்கில் எழுதிப் பார்த்தது. வேறுபாடு வெளிச்சத்துக்கு வந்தது; புதிய ஆசிரியர் மிகுந்த பள்ளிகளின் கையில் மிச்சப் பணமும் நின்றது. ஆனால் அனுபவம் மிகுந்த ஆசிரியரை வைத்துக்கொள்வது ஒரு முதல்வருக்குச் சுமையாகத் தெரியும் ஆபத்து இந்த வழியில் உண்டு. ஆகவே உண்மைத் தொகையை எல்லாரும் பார்க்க வெளியிடுவதும், மிச்சமாகும் பணத்தைக் கடினமான பள்ளிகளில் ஆசிரியரை நிலைக்கச் செய்வதற்கு ஒதுக்குவதும் கூடுதல் நியாயமாகத் தோன்றுகிறது.

இரண்டாவது, மாணவர் எண்ணிக்கை குறையும்போது நடப்பது. சிகாகோ 2013–14-ல் மாணவர் தலைக்கணக்கில் நிதி கொடுக்கத் தொடங்கியது. அதே 2013-ல்தான் அங்கு ஏறத்தாழ ஐம்பது பள்ளிகள் மூடப்பட்டன, பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில். குடும்பங்கள் வெளியேறிக்கொண்டிருந்த அந்தப் பகுதிகளில் மாணவர் குறையக் குறையப் பணம் குறைந்தது. பணம் குறைந்ததால் இசை, நூலகம், கூடுதல் பாடம் ஆகியவை போயின. அவை போனதால் இன்னும் சில குடும்பங்கள் வெளியேறின. ஒரு வகுப்பில் மூன்று பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியரின் செலவில் அந்த மூன்று பிள்ளைகளின் பங்கு குறைவதில்லை. விளக்கும் வெப்பமும் முன்போலவேதான் தேவை. 2024–25 முதல் சிகாகோ அந்த முறையைக் கைவிட்டு, ஒவ்வொரு பள்ளிக்கும் குறைந்தபட்சப் பணியிடங்களை உறுதிசெய்து, தேவை மிகுந்த பள்ளிகளுக்கு மேலும் கொடுக்கும் முறைக்குத் திரும்பியது. சியாட்டிலும் முன்பே பணியிட முறைக்குத் திரும்பியிருந்தது. எந்த முறையானாலும், சிறிய பள்ளி உயிரோடு இருக்கத் தேவையான அடித்தளத் தொகை அதில் இருக்க வேண்டும்.

டைட்டில் ஒன் பணம் ஏழைப் பள்ளிகளுக்குத்தானே போகிறது? அது போதாதா?

1965-ல் வந்த கூட்டாட்சிச் சட்டத்தின் முதல் பகுதி தரும் அந்த நிதி, வறுமை 75 விழுக்காட்டைத் தாண்டிய பள்ளிகளுக்கு முதலில் போயாக வேண்டும். வறுமை 40 விழுக்காடு உள்ள பள்ளி அதை முழுப் பள்ளிக்கும் பயன்படுத்தலாம். மாவட்டம் எப்படியும் கொடுக்க வேண்டியதற்கு மேல் கூட்டுவதற்காக வந்த பணம் அது. மாவட்டத்தின் பங்கைக் குறைத்துக்கொண்டு அந்த இடத்தை இதனால் நிரப்பக் கூடாது. இதை உறுதிசெய்ய, ஏழைப் பள்ளிகளுக்கும் மற்றப் பள்ளிகளுக்கும் மாவட்டம் தரும் சேவை ஒப்பிடத்தக்கதாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த ஒப்பீட்டில் பணிமூப்பால் வரும் சம்பள வேறுபாடு கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. மேலே பார்த்த 1,650 டாலர், சட்டத்தின் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

2015 டிசம்பரில் வந்த திருத்தச் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்தது. ஒவ்வொரு பள்ளியிலும் மாணவருக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பதை, உண்மையான சம்பளத்தோடு சேர்த்து, மாநிலம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்றது. உங்கள் மாநிலக் கல்வித் துறையின் பள்ளி அறிக்கை அட்டையில் உங்கள் பள்ளியின் பெயரைத் தேடினால் அந்த எண் கிடைக்கும். நிதிக் கூட்டத்துக்குப் போகும்முன் பக்கத்துப் பள்ளிகள் இரண்டு மூன்றின் எண்ணையும் எழுதிக்கொண்டு போங்கள்.

எங்கள் குடும்பம் வறுமையில் இல்லை. எங்கள் பள்ளியின் பணத்தை எடுத்து வேறு பள்ளிக்குக் கொடுப்பது எங்கள் பிள்ளைகளுக்கு அநியாயம் இல்லையா?

இந்தக் கேள்வியைத் தயக்கத்தோடு கேட்பவர்கள் உண்டு; கோபத்தோடு கேட்பவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் ஒரே மரியாதையோடு பதில் சொல்லப்பட வேண்டும்.

முதலில், எந்தப் பள்ளியிலும் ஓர் ஆசிரியரைத் திடீரென்று எடுத்துவிடுவது பிள்ளைகளுக்குத் துன்பம்தான். அதனால் புதிய சூத்திரத்துக்கு மாறும் மாவட்டங்கள், ஒரு பள்ளி ஓராண்டில் இழக்கும் தொகைக்கு ஓர் எல்லை வைத்து, சில ஆண்டுகளில் படிப்படியாக மாற்றுவது வழக்கம். அதைக் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால், இப்போது உங்கள் பள்ளியிடம் இருப்பது எல்லாம் அதற்கு நியாயமாக உரியதே என்று எடுத்துக்கொள்ள முடியாது. பொதுப் பணத்தில் யாருக்கும் தெரியாமல் சேர்ந்த கூடுதல் பங்கு, பல ஆண்டுகள் இருந்துவிட்டதாலேயே உரிமை ஆகிவிடாது. ஆங்கிலம் தெரியாமல் ஒன்பதாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளைக்கும், நான்கு வயதிலேயே வாசிக்கத் தொடங்கிய பிள்ளைக்கும் ஒரே தொகையைக் கொடுத்தால், இரண்டாமவருக்குப் போதுமானது முதலாமவருக்குப் பாதியில் தீர்ந்துபோகும்.

பெற்றோர் சங்கம் நன்கொடை திரட்டித் தன் பள்ளிக்குக் கொடுப்பதில் என்ன தவறு?

திரட்டுவதில் தவறில்லை. அந்தப் பணத்தில் ஆசிரியரையோ உதவியாளரையோ நியமிக்கும்போதுதான், மாவட்டம் ஒருபுறம் சமன்செய்ய முயன்றதை மறுபுறம் நன்கொடை கலைத்துவிடுகிறது. ஓரிகனின் போர்ட்லண்ட் மாவட்டத்தில், ஒரு பள்ளிக்குத் திரட்டிய தொகை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அதில் மூன்றில் ஒரு பங்கு பொது நிதிக்குப் போகும் விதி நெடுநாள் இருந்தது. கலிபோர்னியாவின் சான்டா மோனிகா–மாலிபு மாவட்டம் 2011-ல், பணியாளருக்கான நன்கொடையை மாவட்டம் முழுவதற்கும் பொதுவாகத் திரட்டத் தீர்மானித்தது. சுற்றுலாவுக்கும் விழாவுக்கும் அந்தந்தப் பள்ளியே திரட்டலாம், ஆள் சம்பளத்துக்குப் பொதுவாகத் திரட்ட வேண்டும் என்ற பகுப்பு நியாயமானது.

பணத்தைக் கூட்டினால் படிப்பு உண்மையில் உயருமா?

1966-ல் வெளிவந்த கோல்மன் அறிக்கைக்குப் பிறகு, குடும்பப் பின்னணிதான் முக்கியம், பள்ளிச் செலவால் பெரிய மாற்றம் இல்லை என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. 2016-ல் ஜாக்சன், ஜான்சன், பெர்சிகோ ஆகிய மூன்று பொருளியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு வேறு படத்தைத் தந்தது. நீதிமன்றத் தீர்ப்புகளால் நிதி முறை மாறிய இடங்களில் படித்த பிள்ளைகளை, பெரியவர்களாகும்வரை அவர்கள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பு முழுவதும் செலவு 10 விழுக்காடு கூடியிருந்தால், அந்தப் பிள்ளைகளின் பிற்கால ஊதியம் சுமார் 7 விழுக்காடு உயர்ந்தது; ஏழைக் குடும்பப் பிள்ளைகளிடம் விளைவு இன்னும் வலுவாக இருந்தது. ஓராண்டு கொடுத்து மறு ஆண்டு நிறுத்தும் பணத்தைப் பற்றிய முடிவு அன்று இது. தொடர்ந்து கிடைத்த பணத்தைப் பற்றியது. எதற்குச் செலவிடப்பட்டது என்பதும் முக்கியம்தான். ஆனால் பணத்தை மறுப்பதற்கு அதைக் காரணமாகக் காட்டுபவர்கள், தங்கள் பிள்ளைகளின் பள்ளியில் செலவைக் குறைக்கச் சொல்வதில்லை.

சேர்க்கையின்போது நிரப்பும் படிவங்களுக்கும் நிதிக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு. நம்மவர்கள் பெரிதும் கவனிக்காமல் விடும் இடமும் இதுவே.

வீட்டு மொழிப் படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை முதலில் பேசக் கற்ற மொழி எது, வீட்டில் பிள்ளை அதிகமாகப் பேசுவது எது, பெரியவர்கள் பிள்ளையிடம் பேசுவது எது என்று மூன்று நான்கு கேள்விகள்தான் அதில் இருக்கும். வீட்டில் நாள் முழுவதும் தமிழில் பேசும் பெற்றோர்கூட, பிள்ளையைத் தனி வகுப்பில் ஒதுக்கிவிடுவார்களோ என்ற அச்சத்தில் எல்லாக் கட்டத்திலும் ஆங்கிலம் என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையை எழுதினால் நடப்பது இவ்வளவுதான்: பிள்ளைக்கு ஒரு மொழித் தேர்வு வைப்பார்கள். ஆங்கிலம் போதுமான அளவு வந்தால் விஷயம் அத்துடன் முடிந்தது. வராவிட்டால் உதவி பெறும் உரிமை கிடைக்கிறது. பெற்றோருக்கு அதைத் தெரிவித்தாக வேண்டும். தனிச் சேவை வேண்டாம் என்று மறுக்கவும் பெற்றோருக்கு உரிமை உண்டு. சான் பிரான்சிஸ்கோவின் சீன மொழி பேசும் மாணவர்கள் தொடர்ந்த வழக்கில் 1974-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்த உரிமைக்கு அடித்தளம். எடை முறை உள்ள மாவட்டத்தில், உண்மையில் உதவி தேவைப்படும் பிள்ளை எண்ணப்படாமல் போனால், ஆசிரியரின் வேலை அப்படியே இருக்கும், அதற்கான பணம் மட்டும் வராது.

அடுத்தது குடும்ப வருமானப் படிவம். முன்பு இலவச மதிய உணவுக்காக அதை நிரப்பினார்கள். இப்போது பல பள்ளிகளில் எல்லாருக்கும் உணவு இலவசமாகிவிட்டதால், படிவம் எதற்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தத் தாளிலிருந்துதான் வறுமைக் கணக்கு எடுக்கப்படுகிறது என்றால், திரும்பி வராத ஒவ்வொரு தாளும் பள்ளியின் இழப்பு. வருகையும் அப்படியே. கலிபோர்னியா, டெக்சாஸ் போன்ற மாநிலங்கள் சேர்ந்தவர் எண்ணிக்கையைப் பார்க்காமல் சராசரி தினசரி வருகையைப் பார்த்துப் பணம் தருகின்றன. மிச்சிகனில் அக்டோபரின் முதல் புதன்கிழமைக் கணக்கெடுப்பே பெரும்பகுதியை முடிவு செய்கிறது. நோயும் வீட்டு மாற்றமும் மிகுந்த ஏழைப் பகுதிகளில் வருகை குறைவு என்பதால், வருகைக் கணக்கு அந்தப் பள்ளிகளையே அதிகம் தண்டிக்கிறது. இதை மாற்றக் கோருவது நியாயமான கோரிக்கை.

குடியேற்ற நிலையைப் பற்றி அஞ்சுபவர்களுக்கு ஒரு சொல்: அதைக் காரணம் காட்டிப் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்று 1982-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

சிறப்புக் கல்விச் செலவால் மற்றப் பிள்ளைகளின் பணம் குறைகிறது என்கிறார்களே?

குறை சொல்ல வேண்டியது அந்தப் பிள்ளைகளை அன்று. 1975-ன் சட்டத்தில், கூடுதல் செலவுக்காகத் தேசியச் சராசரி மாணவர் செலவில் 40 விழுக்காடு வரை கூட்டாட்சி அரசு தரும் என்று சொல்லப்பட்டது. அந்த அளவை அது ஒருபோதும் எட்டவில்லை, வழக்கமான ஆண்டுகளில் பாதியைக்கூடத் தொடவில்லை. சேவை கட்டாயம் என்பதால், எஞ்சியதை மாவட்டம் தன் பொது நிதியிலிருந்து எடுக்கிறது.

நூலகரை நீக்கிவிட்டுப் புதுக் கட்டடம் கட்டுகிறார்களே?

கட்டடப் பணம் பெரும்பாலும் வாக்காளர் ஒப்புதல் பெற்ற கடன் பத்திரத்திலிருந்து வருவது. அதைச் சம்பளத்துக்குப் பயன்படுத்தச் சட்டம் இடம் தருவதில்லை. கேட்க வேண்டியது, எந்தப் பகுதியின் கட்டடங்கள் முதலில் பழுதுபார்க்கப்படுகின்றன என்பதே.

பெருந்தொற்றுக் காலத்தில் பெரும்பணம் வந்ததே, அது எங்கே?

2020, 2021 ஆண்டுகளில் மூன்று தவணையாக ஏறத்தாழ 190 பில்லியன் டாலர் வந்தது. கடைசித் தவணையை ஒதுக்கி முடிப்பதற்கான கெடு 2024 செப்டம்பர் 30. அந்தப் பணத்தில் ஆலோசகர், செவிலியர், தனிப்பயிற்சியாளர் என்று நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கிய மாவட்டங்கள் கெடு முடிந்ததும் தவிக்க நேர்ந்தது. வெட்டு என்று வரும்போது எல்லாப் பள்ளிக்கும் ஒரே விழுக்காடு வெட்டுவது எளிது. ஆனால் அந்தப் பணியாளர்களையே பெரிதும் நம்பியிருந்த பள்ளிகளில் அது ஆழமாகப் பாயும்.

எப்போது, எங்கே, என்ன கேட்க வேண்டும்?

பெரும்பாலான மாவட்டங்களின் நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. ஜூன் மாதத்தில் வாரியம் வாக்களிக்கும் கூட்டத்துக்குப் போய்ப் பேசுவது ஒப்புக்குத்தான். அதற்குள் எல்லாம் முடிவாகியிருக்கும். அடுத்த ஆண்டு மாணவர் எண்ணிக்கை பற்றிய கணிப்பு குளிர்காலத்திலேயே தயாராகிறது. கலிபோர்னியாவில் ஆசிரியருக்கான முதற்கட்டப் பணிநீக்க அறிவிப்பை மார்ச் 15-க்குள் கொடுத்தாக வேண்டும். அதற்கு முன்னரே எந்தப் பணியிடம் போகும் என்று பேசி முடித்துவிடுவார்கள். எனவே ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பள்ளி அளவிலான பெற்றோர்–ஆசிரியர் குழுவில் தொடங்குங்கள். டைட்டில் ஒன் பெறும் பள்ளி பெற்றோரைத் திட்டமிடலில் சேர்த்தாக வேண்டும் என்பது சட்டம். மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம்.

கேள்விகளைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பள்ளிக்கு அடுத்த ஆண்டு எத்தனை மாணவர் என்று கணித்திருக்கிறீர்கள், அந்தக் கணிப்பு சென்ற ஆண்டு எவ்வளவு தவறியது? ஆசிரியர் செலவைச் சராசரியில் எழுதியிருக்கிறீர்களா, உண்மைச் சம்பளத்திலா? உண்மைச் சம்பளத்தில் எழுதினால் எங்கள் பள்ளிக்கும் மாவட்டத்தின் பிற பள்ளிகளுக்கும் மாணவர் ஒருவருக்கு எவ்வளவு வேறுபாடு? சென்ற ஆண்டு எத்தனை ஆசிரியப் பணியிடங்கள், எத்தனை வாரங்கள் காலியாக இருந்தன. அந்தச் சம்பளப் பணம் பள்ளியில் தங்கியதா, மாவட்டத்துக்குத் திரும்பியதா? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. வறுமை மிகுந்த பள்ளியில் கணித ஆசிரியர் இடம் பிப்ரவரிவரை காலியாகக் கிடந்தால், அந்தப் பிள்ளைகளுக்கு ஒதுக்கியதாகத் தாளில் உள்ள பணம் அவர்களை எட்டவே இல்லை. பதில் வாய்மொழியாக வந்தால், கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். பிறகு தருகிறோம் என்றால் தேதி கேளுங்கள். அந்தத் தேதி கடந்தால், பொதுப் பதிவுகளைக் கோரும் மாநிலச் சட்டத்தின்கீழ் எழுத்து வடிவில் விண்ணப்பியுங்கள்.